மலைநாட்டுக் குளிருக்கு ஏற்ற காற்சட்டையைத் தெரிவுசெய்யும் முறை

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி மாதப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கிவிட்டால், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவினர்கள் ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். மேலுடம்புக்கு அவர்கள் கொண்டுவருவதில் குறை இருக்காது. கம்பளிச் சுவெட்டர், காதை மூடும் தொப்பி, மஃப்ளர், சிலரிடம் வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மாமாவோ அனுப்பிய தடித்த ஜக்கெட் என்று எல்லாமே இருக்கும். இடுப்புக்குக் கீழே மட்டும் அலுவலகத்துக்கு அணியும் பருத்திக் களிசானோ, பஸ்ஸில் வந்த அதே டெனிமோதான். உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சில தொடையில்தான் உள்ளன. அவை நனைந்து விறைத்துப்போனால், இறங்கும் வழியில் ஒவ்வொரு படியும் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். ஆகவே, மலைநாட்டுக்கு முதன்முறையாக நடக்கவும் ஏறவும் முகாமிடவும் வருபவர்கள் காற்சட்டை ஒன்றை எவ்வாறு பார்த்து வாங்க வேண்டும் என்பதை, வாங்கிப் பழகியவள் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குளிரை அறிந்துகொள்ளுங்கள்

ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் என்ற அளவில் வெப்பநிலை குறைந்துகொண்டு போகும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 28 பாகையில் வியர்த்துக்கொண்டு புறப்படும் ஒருவர் அங்கே வந்து இறங்கும்போது 16 பாகை அளவில் நிற்பதற்கு இந்த உயரமே காரணம். ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே. சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் நுவரெலியாவைச் சுற்றிய தோட்டங்களில் புல்லின்மீது வெள்ளையாக உறைபனி படிந்து, தேயிலைக் கொழுந்து கருகிப்போவதும் உண்டு.

ஆயினும் இது ஐரோப்பிய நாடுகளின் பனிக்காலத்தைப் போன்ற வறண்ட குளிர் அன்று. இங்கே நம்மை வாட்டுவது ஈரக் குளிர். மூடுபனி, தூறல், புல்லில் தங்கிய பனித்துளி, இவற்றோடு ஏறும்போது நாமே சுரக்கும் வியர்வை ஆகிய நான்கும் சேர்ந்து துணியை நனைக்கின்றன. அசையாத காற்றோடு ஒப்பிட்டால் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றே நமக்குக் கதகதப்பைத் தருகிறது. அந்தக் காற்று நின்ற இடத்தில் நீர் வந்து நின்றுவிட்டால், எவ்வளவு தடித்த துணியானாலும் அது உடம்பின் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஆகவே கடையில் நிற்கும்போது “இது எவ்வளவு தடிப்பு?” என்று கேட்பதற்கு முன்னர், “இது நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும்?” என்ற கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாயின் இதனையே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கவனித்தவர்களுக்கு இது புதிதன்று. மழை பெய்யாத காலையிலும் அவர்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டிக்கொண்டே மலைக்குப் போவார்கள். இடுப்பளவு நிற்கும் தேயிலைச் செடிகளில் இரவுப் பனி தங்கியிருக்கும். அவற்றுக்கிடையே பத்து அடி நடந்தால் போதும், சேலை தொடை வரை நனைந்துவிடும். வானத்திலிருந்து வரும் நீரைவிடச் செடியிலிருந்து வரும் நீரே கீழுடம்புக்குப் பகை என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்திருக்கிறார்கள். ஹோட்டன் சமவெளியில் காலை ஆறு மணிக்குப் புல்வெளி நடுவே நடக்கப்போகும் ஒருவருக்கும் இதே பாடம் பொருந்தும்.

அடுத்து, செய்யப்போவதைத் தீர்மானியுங்கள்

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே காற்சட்டை என்று எதுவும் இல்லை. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறுபவர் ஏறத்தாழ 5,500 படிகளில், ஆயிரம் மீற்றர் அளவு உயரம் ஏறுகிறார். இரவு குளிராக இருந்தாலும் மூன்று நான்கு மணி நேரம் அவருடைய தொடைகள் ஓயாது உழைப்பதால் வியர்வை ஊற்றும். இவருக்கு வேண்டியது வியர்வையை வெளியே விடும் மெல்லிய காற்சட்டை. ஆனால் அவரே உச்சியை அடைந்து, சூரிய உதயத்துக்காக ஒரு மணி நேரம் சீமெந்துத் தரையில் அசையாமல் அமர்ந்திருக்கும்போது, காற்று அறைந்துகொண்டிருக்க, தடித்த ஒன்றைத் தேடுவார். ஒரே இரவில் ஒரே மனிதருக்கு இரண்டு தேவைகள் இருப்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் எளிதாகும்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்புக்கும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கும் சென்று திரும்பும் வட்டப் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். ஏற்றம் குறைவு, காற்றும் பனியும் அதிகம். அங்கே காற்றைத் தடுக்கும் நெருக்கமான நெசவுத் துணியே முதன்மை. முகாமிட்டு இரவு தங்குபவர்களும், விடியற்காலையில் பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் ஓரிடத்தில் காத்திருப்பவர்களும் கதகதப்புக்கு முதலிடம் கொடுக்கலாம். ஹப்புத்தளை, எல்ல, பண்டாரவளைப் பக்கம் பகலில் நடப்பவர்களுக்கு விரைவில் காயும் மெல்லிய நீளக்காற்சட்டை ஒன்றே பெரும்பாலும் போதும்.

துணியைப் பற்றி விரிவாக

நான் பதினெட்டு வயதில் முதன்முறையாக மலை ஏறியது தடித்த டெனிம் அணிந்துகொண்டுதான். தடித்த துணி குளிரைத் தாங்கும் என்று நம்பினேன். பாதி வழியிலேயே முழங்காலின் பின்புறத்தில் துணி நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு படியிலும் அதை இழுத்துவிட்டுத்தான் காலைத் தூக்க முடிந்தது. உச்சியில் அமர்ந்த பத்தாவது நிமிடத்தில், காற்றுப் பட்ட பக்கத்துத் தொடையில் பனிக்கட்டியை வைத்து அழுத்தியது போன்ற குளிர் ஏறி, பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. அருகில் இருந்த பாட்டி ஒருவர் தன்னுடைய கம்பளிப் போர்வையின் ஒரு பக்கத்தை எடுத்து என் மடியில் போட்டிராவிட்டால் சூரிய உதயத்தைப் பார்க்கும் நிலையில் இருந்திருக்க மாட்டேன். குற்றம் குளிரில் இல்லை. நான் அணிந்திருந்த பருத்தியில்தான் இருந்தது.

பருத்தி இழை நீரை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. வெயில் நாட்டில் அது வரம்; மலைநாட்டு இரவில் அது இடர். டெனிம், கோர்டுரோய், காக்கித் துணி, சாதாரண ட்ராக் பொட்டங்களில் பயன்படும் உட்புறம் பஞ்சு போன்ற துணி ஆகியவை பெரும்பாலும் பருத்தியே. சந்தேகமிருப்பவர்கள் தங்களுடைய டெனிமைக் காய்ந்த நிலையில் ஒருமுறையும், நனைத்துப் பிழிந்த பின் மறுமுறையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அந்த மேலதிக எடையைத்தான் நீங்கள் 5,500 படிகளுக்குத் தூக்கிச் செல்லப்போகிறீர்கள்.

பொலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஈரத்தையே உள்வாங்கும். நீர் இழைகளுக்கிடையே நின்று, உடற்சூட்டாலேயே விரைவில் ஆவியாகிவிடும். நைலோன் அதனைவிடச் சற்றுக் கூடுதலாக ஈரத்தை ஏற்றாலும் உராய்வைத் தாங்குவதில் வலிமையானது. பாறையிலும் புதரிலும் உரசும் பாதைகளுக்கு நைலோன், படியேறுவதற்குப் பொலியெஸ்டர் என்று கொள்ளலாம். இவற்றோடு ஐந்து முதல் பத்து சதவீதம் ஸ்பான்டெக்ஸ் கலந்திருந்தால் துணி இழுபடும். கால் தூக்கும்போது பிடிக்காது. அதற்கு மேல் கலந்த துணிகள் காய்வதற்குத் தாமதமாகும்.

கம்பளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டு ரோமத்தால் ஆன நூல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னரும் தோலுக்கு நனைந்த உணர்வைத் தராது. ஈரத்திலும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மழையில் தலையிலிருந்து முதுகு வரை கம்பளியைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனது இதனால்தான். இன்று மெல்லிய மெரினோ கம்பளியில் உட்காற்சட்டைகள் வருகின்றன. விலை அதிகம், ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அணிந்தாலும் நாற்றம் எடுக்காது என்பதால், நீண்ட நடைப் பயணம் செல்பவர்களுக்கு அந்த விலை தகும் என்பது என் கருத்து.

பிளீஸ் என்பது பொலியெஸ்டரைப் பின்னி, அதன் இழைகளைப் பஞ்சுபோல உயர்த்திய துணி. மலிவு, மென்மை, விரைவில் காய்வது என்று நன்மைகள் பல. ஒரு குறை உண்டு: காற்று அதனூடாகத் தடையின்றிப் புகுந்துவிடும். பிளீஸ் காற்சட்டையை மட்டும் அணிந்துகொண்டு உலக முடிவின் விளிம்பில் நின்றால், ஒன்றும் அணியாதது போலிருக்கும். அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய காற்சட்டை ஒன்றைப் போட்டதும் உடனே சூடு பிடிக்கும். சதுர மீற்றருக்கு 100 கிராம் எடையுள்ள பிளீஸ் மெல்லியது, 200 நடுத்தரம், 300 தடித்தது. நம்முடைய குளிருக்கு 100 முதல் 200 வரை போதும்.

அடுக்கடுக்காக அணிதல்

மேலே சொன்ன இரண்டு தேவைகளுக்கும் ஒரே விடை அடுக்கு முறைதான். தோலோடு ஒட்டிய மெல்லிய உட்காற்சட்டை ஒன்று, அதன் மேல் தளர்வான நடைக் காற்சட்டை ஒன்று, பையில் மடித்து வைத்த மழைக் காற்சட்டை ஒன்று என்ற மூன்றும் இருந்தால் மலைநாட்டின் எந்த மாதத்தையும் சமாளிக்கலாம். ஏறும்போது நடைக் காற்சட்டை மட்டும் போதும். புறப்படும் இடத்தில் சற்றுக் குளிர்வது நல்ல அறிகுறி. நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால், ஏறத் தொடங்கிய கால் மணி நேரத்தில் நனைந்துவிடுவீர்கள். உச்சியை அடைவதற்குச் சற்று முன்னர், காற்று மறைவான ஒரு தேநீர்க் கடையில் நின்று உட்காற்சட்டையை அணிந்துகொள்ளுங்கள். உச்சியில் கூட்டத்தின் நடுவே அதற்கு இடமிருக்காது.

சப்பாத்தைக் கழற்றாமல் மாற்ற வேண்டுமானால், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பக்கவாட்டில் சிப் வைத்த மழைக் காற்சட்டையைத் தேடுங்கள். மழை வந்த பின் சேற்றில் ஒற்றைக் காலில் நிற்பதைத் தவிர்க்க இந்தச் சிப் ஒன்றே உதவும்.

புதிதாக எல்லாவற்றையும் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகள் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு அணியும் வழவழப்பான பொலியெஸ்டர் ட்ராக் பொட்டம், விலையுயர்ந்த டெனிமைவிட எவ்வளவோ மேலானது. அதனுள்ளே ஒரு தேர்மல் உட்காற்சட்டை அணிந்தால் சிவனொளிபாதமலைக்குப் போதும்.

பெண்கள் லெகின்ஸ் வாங்கும்போது துணி வகை எழுதிய சீட்டைப் பாருங்கள். உடுப்புக் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பருத்தியும் ஸ்பான்டெக்ஸும் கலந்தவை. அவை வியர்வையைக் குடித்து, தோலோடு ஒட்டியபடியே குளிர்ந்துவிடும். உட்புறம் மெல்லிய பிளீஸ் வைத்த பொலியெஸ்டர் லெகின்ஸ் வேறு வகை. நான்கு சமயத்தவரும் வணங்கும் தலத்துக்குப் போகிறோம் என்பதால், உடம்போடு ஒட்டிய உடுப்பை மட்டும் அணியாமல், மேலே தளர்வான காற்சட்டையோ நீளமான மேற்சட்டையோ அணிவது பொருத்தம். வெள்ளை அணிய விரும்புபவர்கள் உள்ளே அணியும் துணியும் வெளிர் நிறமாக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்தால் கறுப்பு வெளியே தெரியும்.

அளவும் தையலும்

கடையில் கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பதில் பயனில்லை. காற்சட்டையை அணிந்துகொண்டு, முழங்கால் இடுப்பளவுக்கு வரும்படி ஒரு காலைத் தூக்குங்கள், பின்னர் குந்துங்கள். தொடையிலோ முழங்காலிலோ துணி இழுத்துப் பிடித்தால், அல்லது பின்பக்க இடுப்பு கீழே சரிந்தால், அதனை வைத்துவிடுங்கள். கவட்டில் நான்கு தையல்கள் ஓரிடத்தில் சந்திக்கும் காற்சட்டை நீண்ட நடையில் தொடையை உரசிப் புண்ணாக்கும்; அந்த இடத்தில் தனியாக ஒரு துண்டு வைத்து இணைத்துத் தைத்திருந்தால் உரசலும் குறையும், காலும் தாராளமாக விரியும். முழங்காலில் சிறு மடிப்புகள் வைத்து வளைவாகத் தைத்தவையும் நல்லவை.

உட்காற்சட்டை அணியப்போவதாயின் அதனையும் அணிந்துகொண்டே அளவு பாருங்கள். இடுப்பில் இலாஸ்டிக்கோடு கயிறும் இருப்பது நல்லது. முதுகுப் பையின் இடுப்புப் பட்டி அழுத்தும் இடத்தில் தடித்த பெல்ட் இருந்தால் வலிக்கும். கீழே நீளம் கணுக்காலோடு நிற்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. காற்சட்டைப் பைகளுக்குச் சிப் அவசியம். இருட்டில் படியேறும்போது கைப்பேசியும் பணமும் விழுவது நாள்தோறும் நடக்கிறது.

மழையைத் தாங்குவதும் மழையைத் தடுப்பதும்

இவை இரண்டும் வேறு வேறு என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். ஒரு கடையில் மழைக்கு நனையாது என்று உறுதி கூறி விற்ற காற்சட்டை, மஸ்கெலியாவில் அரை மணி நேரச் சாரலில் உள்வரை நனைந்துவிட்டது. துணியின் மேற்பூச்சு நீரை உருட்டிவிடும் வகையில் இருந்ததே தவிர, தையல்களின் ஊசித் துளைகள் அடைக்கப்படவில்லை. அன்றிலிருந்து உட்புறத்தைப் புரட்டிப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. முழுமையாக மழையைத் தடுக்கும் காற்சட்டையாயின், உட்புறத் தையல்கள் அனைத்தின்மீதும் மெல்லிய நாடா ஒட்டப்பட்டிருக்கும். சீட்டில் 10,000 மி.மீ. என்று இருந்தால், 10 மீற்றர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை அத்துணி பரிசோதனையில் தாங்கியது என்று பொருள்.

நடக்கும்போது அணியும் காற்சட்டைக்கு நீரை உருட்டிவிடும் மேற்பூச்சு மட்டும் போதும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, விரல் நுனியில் தொட்ட ஒரு துளி நீரைத் துணியில் வைத்துப் பாருங்கள். துளி முத்தாக நின்று உருண்டால் பூச்சு உண்டு. பரவி நிறம் கறுத்தால் இல்லை. நாள் முழுவதும் மழைக் காற்சட்டையோடு ஏறுவது மட்டும் வேண்டாம். வெளியே நனையாவிட்டாலும் உள்ளே வியர்வையால் நனைவீர்கள்.

அட்டைகள்

மழைக் காலத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும், குருவிட்ட வழியாகச் சிவனொளிபாதமலைக்கும் செல்பவர்கள் அட்டையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பின்னல் துணியின் கண்களூடாக அட்டை கடித்துவிடும். நெருக்கமான நெசவுத் துணியில் அதற்கு வழியில்லை. காற்சட்டையின் கீழ்ப்பகுதியை முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறைக்குள் செருகி, அதன் மேல் சப்பாத்தை அணியுங்கள். காலுறையின் வெளிப்புறத்தில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். வெளிர் நிறக் காற்சட்டையாயின் ஏறிவரும் அட்டை கண்ணில் படும்.

வாங்கும் இடம்

நுவரெலியாக் கடைத்தெருவில் குளிர் உடுப்புகளை அடுக்கி விற்கும் கடைகள் பல உண்டு. நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் இவ்வாறான கடைகளுக்கும் கொழும்பு நடைபாதைக் கடைகளுக்கும் வருவதால், பொறுமையாகத் தேடினால் நல்ல நடைக் காற்சட்டை குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றில் சில சிறு குறைகளால் ஒதுக்கப்பட்டவையாகவும் இருக்கலாம். எனவே சிப் ஒவ்வொன்றையும் மூன்று முறை திறந்து மூடுங்கள். கால்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் சமமா என்று பாருங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவில் இடைவெளி உண்டா என்று நோக்குங்கள். ஐரோப்பியருக்காகத் தைத்தவை நமக்கு நீளமாக இருக்கும். தையற்கடையில் கொடுத்து நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் கணுக்காலில் சிப்போ இலாஸ்டிக்கோ உள்ளவற்றை வெட்டினால் கெட்டுவிடும், அவற்றைச் சரியான நீளத்திலேயே வாங்க வேண்டும்.

பயணத்துக்குப் பல நாட்களுக்கு முன்னரே வாங்கிவிடுங்கள். ஒருமுறை துவைத்து, வீட்டுப் படிக்கட்டில் அரை மணி நேரம் ஏறி இறங்கிப் பார்த்தால், எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும்.

எடுத்துச் செல்வதும் காப்பதும்

மாற்றுக் காற்சட்டை ஒன்றை எப்போதும் நனையாமல் வைத்திருங்கள். ஹோட்டன் சமவெளி நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றிவிடுவார்கள் என்பதால், மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் நீர் புகாத துணிப் பையில் அதனைச் சுற்றி வையுங்கள். இறங்கி வந்தவுடன், தேநீருக்கு முன்னர், உடுப்பை மாற்றிவிடுவது நல்லது; உழைப்பு நின்ற பின் ஈர உடுப்போடு பஸ்ஸில் ஹட்டன் வரை வருவதுதான் பலருக்குக் காய்ச்சல் போன்ற நடுக்கத்தைத் தருகிறது.

துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்க வேண்டாம். அவை இழைகளில் படிந்து, வியர்வையை வெளியே கடத்தும் ஆற்றலையும் நீரை உருட்டிவிடும் பூச்சின் ஆற்றலையும் கெடுத்துவிடும். சாதாரண சவர்க்காரத் தூளைக் குறைவாகப் போட்டு, நன்றாக அலசுங்கள். மூடுபனி நாட்களில் எங்கள் பக்கம் துணிகள் மூன்று நாளானாலும் காய்வதில்லை என்பதால், அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தும் வழக்கம் உண்டு. பருத்திக்கும் கம்பளிக்கும் அது பொருந்தும். பொலியெஸ்டரும் நைலோனும் சூட்டில் உருகும். ஒரு தீப்பொறி பட்டாலே துளை விழும். அவற்றைப் பிழியாமல் ஒரு காய்ந்த துவாயில் சுருட்டி, முழங்காலால் அழுத்தி நீரை எடுத்துவிட்டு, உட்புறம் வெளியே தெரியும்படி, அடுப்பிலிருந்து தள்ளிக் காற்றோட்டமுள்ள அறையில் தொங்கவிடுங்கள். இரவு தொங்கவிட்டது காலையில் அணியத் தயாராக இருக்கும்.